முழுவாய்ப் பல்லுக்கு ஊர் தேடும் முன்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பல் மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் விடவில்லை. தேக்காவில் மீன் வாங்கும்போதும் கோயில் அன்னதான வரிசையிலும் யாராவது அருகில் வந்து கேட்கிறார்கள்: "அக்கா, வாய் முழுக்க இம்ப்ளாண்ட் போடணும்னு சொல்றாங்க. இங்கே சொல்ற விலையைக் கேட்டா பயமா இருக்கு. சென்னைக்குப் போகட்டுமா, ஜோகூருக்குப் போகட்டுமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கே பல தனியார் மருந்தகங்களில் ஒரு தாடைக்கே 20,000 வெள்ளிக்கு மேல் ஆகிறது. சென்னையிலோ திருச்சியிலோ அதில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் கால் பங்கு. சேமிப்பை வைத்து நாளைத் தள்ளும் ஒருவருக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் போகாதே என்று யாரையும் நான் தடுப்பதில்லை. ஊரில் செய்துகொண்டு வந்து ஆட்டுக்கறியை நிம்மதியாக மென்று சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்துகொண்டு வந்து ஆறே மாதத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மருந்தகம் மருந்தகமாக ஏறி இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். புறப்படும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், திரும்பிய பின் யாரிடம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதில்தான் இவர்கள் வேறுபட்டார்கள். முதல்முறை இதில் இறங்குகிறவர்களுக்கும், செலவை ஏற்கும் பிள்ளைகளுக்கும் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இருக்கிற பல்லுக்கு முதலில் நியாயம் கேளுங்கள்.

"வாய் முழுக்க நிலையான பல்" என்ற விளம்பரத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒரு வேலை இருக்கிறது. மிச்சமிருக்கும் பற்களை எல்லாம் பிடுங்குவதுதான் அது. கீழே முன்பற்கள் ஆறும் உறுதியாக நிற்கும். இரண்டு பக்கக் கடைவாயும் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக அந்த ஆறையும் எடுத்துவிட்டு நான்கு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. ஒரு தாடைக்கு ஒரே விலை, ஒரே வாரத்தில் வேலை முடியும் என்பது வெளியூர் நோயாளியை நம்பி நடக்கும் தொழிலுக்கு வசதி. உங்கள் வாய்க்கு எது நல்லது என்பதை அந்த வசதி தீர்மானிக்கக் கூடாது.

ஒவ்வொரு பல்லாகக் காட்டி, "இது ஏன் போக வேண்டும்?" என்று கேளுங்கள். வேர் பிளந்திருக்கிறது, சுற்றியுள்ள எலும்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது, சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதுபோல ஒரு காரணம் வர வேண்டும். "எப்படியும் பின்னால் போகப்போகிறதுதானே" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். பிரிட்டனிலிருந்து துருக்கிக்குப் பல் வேலைக்குப் போய்ச் சிக்கலோடு திரும்பியவர்களைப் பற்றி அந்த நாட்டுப் பல் மருத்துவர் சங்கம் 2022-ல் வெளிப்படையாக எச்சரித்தது. நல்ல பல்லைத் தேவையின்றி அராவியதும் எடுத்ததும் அங்கே வந்த பெரிய குறைகளில் சேரும்.

உங்களுக்கு இம்ப்ளாண்ட் வைத்து எதுவும் சம்பாதிக்கப்போகாத ஒருவரிடம் ஒருமுறை வாயைக் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்துப் பல் மருத்துவர் போதும். அவர் தேவை என்று நினைத்தால் ஊட்ரம் வளாகத்துத் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ எழுதித் தருவார். காத்திருக்க நேரும். எடுத்த பல் திரும்ப வராது என்பதால் காத்திருக்கலாம்.

2. சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம். எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும், இம்ப்ளாண்ட்டைச் சுற்றித் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். 7-ஐ ஒட்டி இருந்தால் பொதுவாக மருத்துவர்கள் தயங்குவதில்லை. 9, 10 என்று இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பல்லைப் பிறகு பார்க்கலாம். அந்த அளவைக் கேட்காமலே அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்கள் சொல்ல மறப்பது எலும்பு மெலிவுக்கான மருந்து. வாரம் ஒரு மாத்திரையாக எடுக்கும் அலெண்ட்ரோனேட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் ஆகியவை முதுகுக்கும் இடுப்புக்கும்தானே என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் சொல்வதில்லை. இந்த மருந்துகளில் இருப்பவர்களுக்குப் பல் எடுத்த இடத்திலோ இம்ப்ளாண்ட் வைத்த இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவது அரிது என்றாலும் நடக்கிறது. நடந்துவிட்டால் குணப்படுத்துவது மிகக் கடினம். 2003 முதலே மருத்துவ இதழ்களில் இது பேசப்படுகிறது. அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்தவும் கூடாது. டெனோசுமாப் ஊசியைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. எலும்பு மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைக்கும் இதே விதிதான்.

புகைபிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வெற்றிலை பாக்குப் பழக்கம் நெடுநாள் உள்ளவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் முழுதாகத் திறக்காமல் போயிருக்கலாம். வாய் திறக்காவிட்டால் பின்பக்கத்தில் இம்ப்ளாண்ட் வைக்கும் கருவி உள்ளே போகாது. பாக்குப் போடுகிறவர்கள் முதலில் வாய்ப்புற்றுக்கான பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

3. எதை வைக்கப்போகிறார்கள் என்று புரியும்வரை விலை பேசாதீர்கள்.

சிங்கப்பூர் தனிநாடான அதே 1965-ல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனமார்க், யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் இம்ப்ளாண்ட்களை வைத்தார். டைட்டானியத்தோடு எலும்பு தானாக ஒட்டி வளர்வதை அவர் முன்பே முயல்களில் கண்டிருந்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை அந்த இம்ப்ளாண்ட்கள் அவர் வாயில் வேலை செய்தன. இன்று உலகம் முழுக்க நடக்கும் இந்த வேலைக்கெல்லாம் அதுதான் அடிப்படை. மருத்துவம் நம்பகமானது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த வாய்க்கு எந்த வகை என்று தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நடக்கிறது.

சாதாரணக் கட்டுப்பல்லை முதலில் பார்ப்போம். மேல்தாடையில் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்வதால் பலருக்கு அது நன்றாகவே நிற்கும். கீழ்த்தாடையில்தான் நாக்கு தள்ளத் தள்ள ஆடும். நீல அல்லது ஆரஞ்சு சாஸ் அட்டை வைத்திருக்கும் மூத்தவர்களுக்குக் கட்டுப்பல்லுக்கு அரசாங்க உதவி கிடைக்கிறது. முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் கூடுதலாகவே கிடைக்கிறது. இம்ப்ளாண்ட்டுக்கு அந்த உதவி இல்லை.

அடுத்தது, கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே இம்ப்ளாண்ட் வைத்து, அதன்மேல் பொத்தான்போல் அழுத்தி மாட்டும் கட்டுப்பல். கழற்றிக் கழுவலாம். 2002-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இதைத்தான் சொன்னார்கள். எழுபது வயதைத் தாண்டி, கீழ்க் கட்டுப்பல் ஆடுகிறது என்று வருகிறவர்களுக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்வேன். அறுவை சிறியது, செலவு குறைவு, உள்ளே தேயும் வளையத்தை மாற்றுவது எளிது. இந்த அளவு வேலையை வெளிநாடு போகாமல், தன்னுடைய அல்லது பிள்ளைகளின் மெடிசேவையும் சேர்த்து இங்கேயே முடித்துக்கொள்ளப் பலரால் முடியும். விளம்பரத்தில் இதை அதிகம் பார்க்க மாட்டீர்கள், காரணம் இதில் லாபம் குறைவு.

மூன்றாவது, எல்லோரும் கேட்டு வரும் "ஆல்-ஆன்-4". லிஸ்பனைச் சேர்ந்த பாவ்லோ மாலோ 2003-ல் ஆய்வாக வெளியிட்ட முறை. முன்னால் இரண்டு நேராகவும் பின்னால் இரண்டு 45 பாகை வரை சாய்த்தும் வைத்து, ஒரு தாடைப் பல் முழுவதையும் அந்த நான்கின்மேல் ஸ்குரூவால் இறுக்குவார்கள். ஏன் சாய்க்கிறார்கள் என்றால், மேலே பின்பக்கத்தில் சைனஸ் அறை இருக்கிறது, கீழே பின்பக்கத்தில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. சாய்த்தால் இரண்டையும் தொடாமல், எலும்பு சேர்க்காமல், பின்பல் வரை தாங்கல் கிடைக்கும். நல்ல யோசனை, நல்ல விளைவும் உண்டு. ஆனால் நான்கில் ஒன்று தோற்றால் மிச்சம் மூன்று. அந்த மூன்றின்மேல் முழுத் தாடையைத் தாங்கவைப்பது பல நேரம் முடியாது. ஆல்-ஆன்-4 என்பது நோபல் பயோகேர் நிறுவனத்தின் பதிவுபெற்ற பெயர். பலகையில் அப்படி எழுதியிருப்பதால் அந்த நிறுவனத்தின் இம்ப்ளாண்ட்டைத்தான் வைப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆறு வைப்பது நான்காவது வழி. மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது. எலும்பு இருந்தால் மேலே ஆறு, கீழே நான்கு என்று சொல்கிற மருத்துவர் யோசித்துச் சொல்கிறார் என்று கொள்ளலாம். ஸ்கேன் பார்க்காமல் எல்லோருக்கும் நான்கு, அல்லது எல்லோருக்கும் ஆறு என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மேலே எலும்பே இல்லை என்றால் கன்ன எலும்பு வரை போகும் நீண்ட சைகோமா இம்ப்ளாண்ட் உண்டு. அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவை. கண்குழிக்கும் சைனஸுக்கும் பக்கத்தில் நடப்பது. அதை மட்டும் மலிவு பார்த்து ஊர் தேடாதீர்கள்.

4. "மூன்று நாளில் பல்" என்பதன் முழுக் கதையையும் கேளுங்கள்.

நான்கு இம்ப்ளாண்ட் முறையில் அறுவை நடந்த அன்றோ ஓரிரு நாளிலோ பல் மாட்டி அனுப்புவது உண்மைதான். அது அக்ரிலிக்கால் ஆன தற்காலிகப் பல். எலும்பு இம்ப்ளாண்ட்டைப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் நிலையான பல்லுக்கு அளவு எடுத்து, கடி பார்த்து, ஒத்திகை பார்த்து மாட்டுவார்கள். ஆகவே குறைந்தது இரண்டு பயணம். தற்காலிகப் பல்லையே நிலையான பல் என்று சொல்லி ஒரே பயணத்தில் கணக்கை முடிக்கும் இடத்தில், அந்தப் பல் உடையும்போது நீங்கள் சிங்கப்பூரில் இருப்பீர்கள்.

தமிழ்நாட்டில் "பேசல் இம்ப்ளாண்ட்" என்று இன்னொன்று அதிகம் விளம்பரமாகிறது. ஒரே துண்டாக இருக்கும், தாடையின் ஆழத்திலுள்ள கெட்டி எலும்பைப் பிடிக்கும், மூன்று நாளில் அதன்மேல் நிலையான பல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். எலும்பு குறைவாக உள்ளவர்களுக்கு இது வரம் என்று செய்கிற மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருத்துவ உலகில் இன்னும் கருத்து வேறுபாடு உள்ள முறை இது. வழக்கமான இம்ப்ளாண்ட்டுக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆய்வு இதற்கு இல்லை. சிமென்ட்டால் ஒட்டியதை ஸ்குரூபோல் கழற்ற முடியாது. ஒரு இடத்தில் சிக்கல் வந்தால் பல்லையே வெட்டி எடுக்க நேரிடலாம். இங்கே இதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டும். சிங்கப்பூரில் வசிப்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

5. கத்தி பிடிப்பவர் யார், பல் கட்டுபவர் யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முழுவாய் வேலை இரண்டு பேருடைய வேலை. வாய் அறுவை நிபுணரோ ஈறு நிபுணரோ இம்ப்ளாண்ட் வைப்பார். செயற்கைப் பல் நிபுணர், அதாவது பிராஸ்தோடான்டிஸ்ட், மேலே பல் கட்டுவார். சிங்கப்பூரில் இம்ப்ளாண்ட்டுக்கென்று தனி நிபுணத்துவப் பதிவு கிடையாது. "இம்ப்ளாண்ட் ஸ்பெஷலிஸ்ட்" என்று யாராவது சொன்னால் எந்தத் துறை நிபுணர் என்று கேளுங்கள். சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எம்டிஎஸ் எனும் பல் மருத்துவ முதுநிலைப் பட்டம் எந்தப் பிரிவில் என்று கேட்டு, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை வாங்குங்கள். ஜோகூரில் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவும் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும்.

சென்னையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தகத்தின் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கும். அறுவை அன்று வேறொரு கன்சல்டன்ட் வந்து இம்ப்ளாண்ட் வைத்துவிட்டு அடுத்த மருந்தகத்துக்குப் போய்விடுவார். அவர் மிகத் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் நான்காம் நாள் முகம் வீங்கினால் யார் பார்ப்பார்கள்? அறுவை செய்தவர் பெயர் உங்கள் கோப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். அறுவைக்கு முன் அவரை நீங்கள் ஒருமுறையாவது நேரில் பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

6. திரும்பும்போது கையில் என்ன இருக்க வேண்டும்.

ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டியிலும் ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். நிறுவனம், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டுகளை ஒட்டிய அட்டையை வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்குரூவும் அதைத் திருகும் முனையும் வேறு வேறு. ஐந்து ஆண்டு கழித்து ஒரு ஸ்குரூ தளர்ந்து இங்கே ஒரு மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி "இது எந்த நிறுவனத்துடையது?" என்பதுதான். பதில் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பார்த்து நிறுவனத்தை ஊகித்துப் பாகம் தேடி வரவழைப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

சிபிசிடி எனும் முப்பரிமாணத் தாடை ஸ்கேனைக் காகிதத்தில் வாங்காமல் பென்டிரைவில் முழுக் கோப்பாக வாங்குங்கள். அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, நிலையான பல் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே, செய்த வேலையை வரி வரியாகப் பிரித்த ரசீது ஆகியவையும் வேண்டும். பல்லை ஸ்குரூவால் மாட்டியிருக்கிறார்களா, சிமென்ட்டால் ஒட்டியிருக்கிறார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முடிந்தவரை ஸ்குரூ முறையையே கேளுங்கள். தேவைப்பட்டால் இன்னொருவர் கழற்றிப் பார்க்கலாம்.

7. போகும் முன்பே, இங்கே பார்த்துக்கொள்ளப்போகிறவரைப் பிடியுங்கள்.

இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். வெளிநாட்டில் வைத்த இம்ப்ளாண்ட்டைத் தொட இங்கே பல மருத்துவர்கள் தயங்குவார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. இன்னொருவர் செய்த வேலையில் கை வைத்து ஏதாவது உடைந்தால் பழி இவர்மேல் விழும். ஆகையால் பயணச்சீட்டு வாங்கும் முன்பே உங்கள் பல் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "செலவு தாங்காது, அதனால் வெளியே செய்துகொள்ளப் போகிறேன். எந்த நிறுவன இம்ப்ளாண்ட் என்றால் நீங்கள் பின்னால் பார்த்துக்கொள்வீர்கள்?" பெரும்பாலோர் கோபப்பட மாட்டார்கள். இரண்டு மூன்று நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு சென்னையிலோ ஜோகூரிலோ மருத்துவரைத் தேடுங்கள். அதை ஏற்காத மருத்துவரை விட்டுவிடுங்கள். ஊருக்கு முன்னால் இம்ப்ளாண்ட்டையும், இம்ப்ளாண்ட்டுக்கு முன்னால் பராமரிப்பவரையும் முடிவு செய்தால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

8. பணக் கணக்கில் இரண்டாவது பயணத்தையும் பத்தாவது ஆண்டையும் சேருங்கள்.

சொல்லும் விலைக்குள் பல் எடுப்பது, ஸ்கேன், எலும்புச் சேர்ப்பு, மயக்க மருந்து, தற்காலிகப் பல், நிலையான பல், இரவில் பல் கடிப்பவருக்கு மாட்டும் உறை எல்லாம் உண்டா என்று கேளுங்கள். நிலையான பல் அக்ரிலிக்கா, சிர்கோனியாவா என்பதில் விலை பெரிதாக மாறும். அக்ரிலிக் தேயும், உடையும், ஆனால் ஒட்டிச் சரிசெய்யலாம். சிர்கோனியா உறுதியானது, பளபளப்பானது, உடைந்தால் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். வெளியூரில் செய்துகொள்கிறவருக்கு, உள்ளே உலோகச் சட்டம் வைத்த அக்ரிலிக் கைகொடுக்கும் என்பது என் கருத்து. வேலையை முடித்த மருத்துவர் கடல் கடந்து இருக்கும்போது, சரிசெய்யக்கூடிய பொருள் வாயில் இருப்பது நல்லது.

"வாழ்நாள் உத்தரவாதம்" பெரும்பாலும் இம்ப்ளாண்ட் உலோகத்துக்கு மட்டும்தான். தோற்றால் இலவசமாக இன்னொன்று தருவார்கள். விமானச் செலவும் தங்கும் செலவும் உங்களுடையது. சாதாரணப் பயணக் காப்புறுதி திட்டமிட்டுப் போகும் சிகிச்சையை ஏற்காது. மெடிசேவ் சென்னை மருந்தகத்தில் செல்லாது. பணத்தை முழுதாக முன்கூட்டியே கட்டாதீர்கள். நிலையான பல்லுக்கான தொகை, அது வாயில் ஏறும் நாளுக்காகக் காத்திருக்கட்டும்.

இங்கே செய்துகொள்கிறவர்களுக்கும் ஒரு சொல். மெடிசேவ் படிவத்தில் கையெழுத்திடும் முன் எந்த அறுவை, எத்தனை இம்ப்ளாண்ட், எந்தத் தேதி என்று படியுங்கள். செய்யாத அறுவைக்கு மெடிசேவில் பணம் கோரியதற்காகச் சிங்கப்பூரிலேயே பல் மருத்துவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். விழிப்பு எந்த ஊரிலும் தேவைதான்.

9. சென்னையா, ஜோகூரா?

ஜோகூரின் பலம் பக்கத்தில் இருப்பது. குவீன் ஸ்திரீட்டில் பேருந்து ஏறினால் அன்றே போய் அன்றே வரலாம். தையல் பிரிக்க, கடி சரிபார்க்க, தளர்ந்ததை இறுக்க மறுபடி மறுபடி போக முடியும். மிச்சமாகும் பணம் சென்னை அளவு இருக்காது. முழுவாய் வேலைக்குப் பக்கத்தில் இருப்பதன் மதிப்பு அதிகம் என்பதால், உறவினர் யாரும் இந்தியாவில் இல்லாதவர்கள் ஜோகூரையே முதலில் பார்க்கலாம். பாத்தாமும் படகுத் தூரம்தான், ஆனால் மருத்துவரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தாராளமாகப் பேச முடியுமா என்று முதலில் பாருங்கள்.

சென்னை யாருக்கு நல்லது என்றால், அக்கா வீடோ தம்பி வீடோ இருந்து, அவசரமில்லாமல் தங்க முடிகிறவருக்கு. முதல் பயணத்துக்குப் பத்து நாளாவது ஒதுக்குங்கள். வீக்கமும் தொற்றும் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். அறுவை முடிந்த மூன்றாம் நாளே விமானம் ஏறினால் அதைப் பார்க்க ஆள் இல்லை. மேலே சைனஸ் பக்கம் எலும்பு சேர்த்திருந்தால், பறக்கலாம் என்று அறுவை செய்தவர் எழுதித் தரட்டும். ஓசிஐ அட்டை இல்லாத சிங்கப்பூரர்களுக்கு விசா வேண்டும். மருத்துவ மின்விசா 60 நாளுக்குத்தான், நான்கைந்து மாதம் கழித்துப் போகும் இரண்டாம் பயணத்துக்கு மறுபடி எடுக்க நேரும்.

கல்யாணத்தோடும் பொங்கலோடும் இந்த வேலையைச் சேர்க்காதீர்கள். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மென்மையான உணவுதான்: குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வேகவைத்த மீன். தற்காலிகப் பல்லோடு முறுக்கைக் கடித்து, கரும்பைக் கடித்து இம்ப்ளாண்ட்டை ஆட்டிவிட்டவர்கள் உண்டு. எலும்பு பிடிக்கும் காலத்தில் ஆடிய இம்ப்ளாண்ட் பிடிக்காமலே போய்விடும். உறவினர் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது நமக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். விருந்து இல்லாத மாதமாகப் பார்த்துப் போங்கள்.

10. யார் சுத்தம் செய்வார்கள்?

இம்ப்ளாண்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுத்தம் இல்லாவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெட்டுப்போகும். வலி இல்லாமலே எலும்பு கரைந்துகொண்டு போகும். நிலையான பல்லின் அடிப்பக்கத்தைத் தினமும் சிறு பிரஷ்ஷும் தண்ணீர் பீய்ச்சும் கருவியும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராதவர், பார்க்கின்சன் உள்ளவர், மறதி நோய் தொடங்கியவர் ஆகியோருக்கு நிலையான பல் கட்டும் முன் பிள்ளைகள் நன்றாக யோசியுங்கள். சில ஆண்டில் பல் தேய்க்கும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் கைக்குப் போகும். அப்பாவின் வாய்க்குள் கையை விட்டு நிலையான பல்லின் அடியைச் சுத்தம் செய்வது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சிரமம்! கழற்றி மாட்டும் பல்லாக இருந்தால் எடுத்துக் கழுவி வைத்துவிடலாம். வயதானவர்களுக்கு இரண்டு இம்ப்ளாண்ட்டும் கழற்றும் பல்லும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

11. பிள்ளைகளுக்கு.

பணம் நீங்கள் கொடுப்பதால் அம்மாவும் அப்பாவும் சிக்கலை மறைப்பார்கள். பல் லேசாக ஆடுகிறது, ஈறில் ரத்தம் வருகிறது, உதடு இன்னும் மரத்திருக்கிறது என்று சொன்னால் இன்னும் செலவாகுமே என்று வாயை மூடிக்கொண்டு கஞ்சி குடிப்பார்கள். மாதம் ஒருமுறை நீங்களே கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் கூடப் போங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள். தளர்ந்த ஸ்குரூவை இறுக்குவது சில நிமிட வேலை. அதை விட்டுவைத்து உடைந்துவிட்டால், உள்ளே சிக்கிய துண்டை எடுப்பது கடினம். எடுக்க முடியாமல் இம்ப்ளாண்ட்டையே இழந்தவர்களும் இருக்கிறார்கள்.